மணிக்கூண்டுக் கூட்டத்துக்கு எந்தப் பென்சில்?

மயிலாடுதுறை மணிக்கூண்டைத் தீபாவளி நெரிசலில் படம் எடுத்தாயிற்று. அதைக் கலர் பென்சிலில் வரையப் போகிறீர்கள். நிறப்பொடியை முக்கியமாக மெழுகில் பிணைத்த மெழுகுப் பென்சிலா, எண்ணெயில் பிணைத்த எண்ணெய்ப் பென்சிலா என்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. நிற்கிற ஆளின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. ஏ4 தாளில் நடுத்தூரத்து ஆள் ஒன்றரை சென்டிமீட்டர் வந்தால், அவர் தலை வெறும் 2 மில்லிமீட்டர். மழுங்கிய முனை ஒரு தடவை பட்டாலே தலை முடிந்துவிடும். ஏ3 எடுத்தால் அதே தலை கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஆகும். முடி எது, முகம் எது என்று காட்ட அப்போதுதான் இடம் கிடைக்கும்.

இந்த அளவில் எண்ணெய் வகைதான் என் கட்சி. ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸ் அந்த வகை. முனை சற்றுக் கெட்டி. ஒரு தடவை சீவினால் பஸ்ஸின் ஜன்னல் கம்பி, மின்கம்பி, சைக்கிள் ஹேண்டில்பார் எல்லாம் போட்ட பிறகும் கூர் மிச்சமிருக்கும். பிரிஸ்மாகலர் பிரீமியர் போன்ற மெழுகு வகை மெத்தென்று ஓடும், நிறம் சீக்கிரம் ஏறும். வானம், தார் ரோடு, கடைகளின் பெரிய விளம்பரப் பலகை என்றால் அதுதான் சுகம். கூட்டத்துக்குள் நுழைந்தால் நாலு தலைக்கு ஒரு முறை ஷார்ப்னரைத் தேட வேண்டும். அழுத்திப் பூசிய கறுப்பிலும் கருநீலத்திலும் சில நாளில் வெளிறிய படலம் வேறு பூக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போகும், ஆனால் பக்கத்து நிறத்தில் தேய்க்காமல் துடைக்க வேண்டுமே! டெல்டாவின் சித்திரை வெயிலில் மெழுகு இன்னும் இளகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெழுகு ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு: வெள்ளை. அடர் நிறத்தின் மேல் வெள்ளைப் புள்ளி வைக்க, கரன் டாஷ் லூமினன்ஸ் என்ற மெழுகுப் பென்சிலின் வெள்ளை, எண்ணெய்ப் பென்சில் வெள்ளையைவிட நன்றாக மூடும். பஸ் கண்ணாடியின் பளபளப்பு, குடைக் கம்பியின் நுனி இதற்கெல்லாம் அது போதும். வேட்டிக்கு அதைத் தொடாதீர்கள். நம் ஊர்க் கூட்டத்தில் வேட்டிக்குப் பஞ்சமில்லை. வெயில் படும் பக்கத்தைத் தாளாகவே விட்டு, மடிப்பின் நிழலில் மட்டும் வெளிர்நீலமும் துளி ஊதாவும் இழையவிட்டால், பூசிய வெள்ளையைவிட அந்தத் தாள் வெள்ளை தூக்கலாகத் தெரியும்.

படத்தைத் தாளுக்கு மாற்றும் முறைக்கு வருவோம். டிரேசிங் வேகம், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை பேரையும் அப்படியே ஒற்றினால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது யாருடைய கை என்றே தெரியாமல் போகும். படத்திலும் தாளிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் யாரை வைப்பது, யாரை விடுவது என்று நின்று முடிவு செய்யலாம். செல்போன் படம் பெரும்பாலும் 4:3. ஏ3-இல் 3 சென்டிமீட்டர் கட்டமாக 12-க்கு 9 போட்டால் சரியாக உட்காரும், ஓரமும் மிஞ்சும். கரிப் பென்சில் கோட்டின் மேல் நிறம் ஏறிவிட்டால் பிறகு ரப்பருக்கு மசியாது. அதனால் முதலிலேயே மங்கலாக்கிவிடுங்கள், அல்லது வெளிர்ச் சாம்பல் கலர் பென்சிலாலேயே கட்டம் போடுங்கள்.

படம் எடுத்த இடமும் வேலையைக் கூட்டும், குறைக்கும். தெருவில் நின்று கண் உயரத்தில் எடுத்தால், உங்கள் உயரக்காரர்களின் தலைகள் கிட்டேயும் தூரத்திலும் ஒரே கிடைக்கோட்டில் விழும். கால்கள்தான் ஏறி இறங்கும். ஒரு கோடு இழுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மாடியிலிருந்து எடுத்தால் தலைகள் சிதறும், ஆட்களுக்கு இடையில் ரோடு தெரியும், பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொருவரின் நிழலையும் தனித்தனியே போட வேண்டியிருக்கும். முதல் முயற்சிக்குத் தெருப் படமே போதும்.

பை கனக்கக் கூடாது என்றால், எண்ணெய் வகையில் 24 நிறப் பெட்டி ஒன்று, தனியாக ஒரு மெழுகு வெள்ளை. கம்பிகளுக்குக் கறுப்பு வேண்டாம். கருநீலத்தின் மேல் அடர்பழுப்பு இழுங்கள்.