எதிர்முகாம் செல்வந்தரின் ஆதரவு: மூன்று வழிகள், என் தேர்வு ஒன்று

தொழிலாளர் பக்கம் நிற்கும் வேட்பாளர், தொழிற்சங்கம் என்றாலே முகம் சுளிக்கும் கோடீஸ்வரரிடம் ஆதரவு கேட்டுப் போகலாமா? சிங்கப்பூரில், தேக்கா கோப்பிக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் மூன்று விதமாகப் பதில் வரும். அவர் வாசலையே மிதிக்காதே. பணத்தை வாங்கிக்கொள், கொள்கையை விடாதே. போய்ப் பேசு, பணத்தைத் தொடாதே. நான் மூன்றாவது பக்கம்.

முதல் வழியின் மேல் எனக்கு மரியாதை உண்டு; செல்வந்தரை விட்டு ஊர்மக்களிடமே சிறுதொகை கேட்பது அது. 'தமிழ் முரசு' நாளிதழின் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கேட்டார். ஒரு வெள்ளி கொடுத்தவர் எந்தச் சலுகையும் கேட்டு வரமாட்டார். அந்தப் பணத்தின் பலமே அதுதான். தேர்தலுக்கு அது போதுமா என்றால், சிங்கப்பூரில் ஓரளவு போதும். 2025 தேர்தலில் வேட்பாளர் கட்ட வேண்டிய வைப்புத்தொகை ஆளுக்கு 13,500 வெள்ளி; ஐந்து பேர் கொண்ட குழுத்தொகுதி அணிக்கு 67,500. சிறிய கட்சிக்கு இது பெரும் சுமைதான். ஆனால் செலவுக்கு வாக்காளருக்கு 5 வெள்ளி என்ற உச்சவரம்பும் இருக்கிறது. அமெரிக்காவில் போல ஒரு செல்வந்தர் கோடிக்கணக்கில் கொட்டி அலையைத் திருப்ப இங்கே வழி குறைவு.

இந்த வழியில் எனக்குள்ள குறை வேறு. வென்றபின் அந்தக் கோடீஸ்வரரும் உங்கள் தொகுதிக்காரர்தானே? தேர்தல்வரை அவர் முகத்தையே பார்க்காத நீங்கள், அதன்பின் அவர் தொழிலைப் பாதிக்கும் சட்டத்தின் மேல் எப்படி வாக்களிப்பீர்கள்?

இரண்டாவது வழி கேட்க நன்றாயிருக்கும், நடைமுறையில் வழுக்கிவிடும். பிரிட்டனில் 1997இல் தொழிற்கட்சி புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்வோம் என்று வாக்குறுதி தந்து ஜெயித்தது. அதே ஆண்டு ஜனவரியில், அதுவரை எதிர்முகாமான கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கொடுத்துவந்த ஃபார்முலா 1 கார் பந்தய அதிபர் பெர்னி எக்கிள்ஸ்டோன் தொழிற்கட்சிக்குப் பத்து லட்சம் பவுண்டு தந்திருந்தார். அக்டோபரில் பிரதமர் டோனி பிளேரைச் சந்தித்தார். நவம்பரில் அந்த விளம்பரத் தடையிலிருந்து ஃபார்முலா 1க்கு மட்டும் விலக்கு என்ற செய்தி வந்தது, நன்கொடை விவகாரமும் வெடித்தது. கட்சி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பணத்துக்கும் விலக்குக்கும் தொடர்பில்லை என்றே பிளேர் சொன்னார். அது உண்மையாகவே இருக்கட்டும். நம்ப ஆளில்லாமல் போனதே, அதுதான் நஷ்டம்.

நம் வரலாற்றிலும் ஓர் உதாரணம் உண்டு, அது இவ்வளவு எளிதல்ல. டான் லார்க் சை ரப்பர் வணிகத்தில் பெரும் செல்வந்தர். 1953இல் சீனமொழியில் கற்பிக்கும் நன்யாங் பல்கலைக்கழகத்துக்காக 50 லட்சம் வெள்ளி கொடுத்தவர். 1963 தேர்தலில் இடதுசாரி பாரிசான் சோசலிஸ் கட்சி சார்பில் நின்ற நன்யாங் பட்டதாரிகளை வெளிப்படையாக ஆதரித்தார். முதலாளியும் தொழிலாளர் பக்கம் நின்ற கட்சியும் ஒரே மேடையில் எப்படி? சீனமொழிக் கல்வி என்ற ஒரே கவலை இரு தரப்பையும் சேர்த்தது. வர்க்கத்தால் எதிரெதிராக நின்றவர்கள் மொழியால் கூட்டாளிகள் ஆனார்கள். தமிழ்ப்பள்ளிகளின் கதை தெரிந்த நமக்கு இந்த உணர்வு புரியாததல்ல. தேர்தல் முடிந்த கையோடு அரசு அவர்மீது நடவடிக்கையைத் தொடங்கியது. 1964இல் குடியுரிமை பறிபோனது. அந்தத் தண்டனை மிகக் கடுமையானது என்றே நினைக்கிறேன். அவரை ஏற்ற வேட்பாளர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை: எதில் ஒற்றுமை என்பது ஊரறிந்த விஷயம். எக்கிள்ஸ்டோன் விவகாரத்தில் இல்லாதது அதுதான்.

ஆகவே மூன்றாவது வழி. நியூயார்க் மேயர் தேர்தலில் நின்ற ஜோஹ்ரான் மம்தானி 2025 ஜூனில், பில்லியனர்களே இருக்கக் கூடாது என்று தொலைக்காட்சியில் சொன்னார். ஜூலையில் அந்நகரின் பெருந்தொழில் தலைவர்களைச் சந்தித்தார். பணக்காரர்மீது கூடுதல் வரி என்ற திட்டத்தை அதற்காகக் கைவிடவில்லை. பேசப் போனார், விலைபேசவில்லை. அங்கே சிறு நன்கொடைக்கு ஒரு டாலருக்கு எட்டு டாலர் என்று நகர நிதி சேர்வதால் கையேந்தும் கட்டாயமும் அவருக்குக் குறைவு. நவம்பரில் வென்றார்.

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. பேச்சும் இலவசமல்ல. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நாளன்று அடுக்குமாடி புளோக்கின் கீழே எண் வாங்கிக் காத்திருக்கும் பாட்டிக்குச் சில நிமிடம். செல்வந்தருக்கு இரவு விருந்தில் இரண்டு மணி நேரம். சிங்கப்பூர்ச் சட்டப்படி 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட நன்கொடையைக் கட்சி அறிவிக்க வேண்டும், பெயர் தெரியாத நன்கொடை ஆண்டுக்கு மொத்தம் 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது, வெளிநாட்டுப் பணம் அறவே கூடாது. இவ்வளவு கவனமாக எழுதிய சட்டம், உள்ளூர்ச் செல்வந்தரோடு யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று கேட்பதில்லை. அதைக் கட்சிகள் தாமாகவே எழுதி வைக்கலாம்: தேதி, பெயர், பேசிய விஷயம், தாம் சொன்ன பதில். தமது இணையப் பக்கத்தில் மாதம் ஒருமுறை போட்டால் போதும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வீடு வருபவர்களிடம் நான் இதைத்தான் கேட்கப் போகிறேன்.