தாடைல ஊசி போட்டு மூணரை மாசம் ஆச்சு

பொங்கலுக்கு முந்தி மதுரைல போய் தாடை வலிக்கு போடாக்ஸ் ஊசி போட்டுட்டு வந்தேன், பத்தாவது நாளே வீட்டுக்கு ஒரு கட்டு பனங்கிழங்கு வந்து எறங்குச்சு. எல்லாரும் உரிச்சு மஞ்சத்தூள் போட்டு அவிச்சு மென்னுக்கிட்டு இருக்காங்க, நான் ஒரு துண்ட வாயில வச்சு நாலு மெல்லு மென்னுட்டு அப்படியே துப்பிட்டேன், தாடைல தெம்பே இல்ல. வலி எப்படின்னு கேட்டா, இல்ல. ரெண்டும் உண்மைதான், அதனாலதான் எழுதுறேன்.

நமக்கு தங்கச்சிமடத்துல வலை, கயிறு விக்கிற சின்ன கடை. ரெண்டு வருசமா காலைல எந்திரிச்சா தாடை இறுகிப்போய் வாயத் தொறக்கவே முடியாது, மூணு விரல் போகவேண்டிய எடத்துல ஒன்றரை விரல்தான் போகும், காதுக்குள்ள வேற குத்தும். காது டாக்டர் பாத்துட்டு காது நல்லாருக்குன்னாரு. பக்கத்துல ஒரு பல் கிளினிக்ல கடவாப்பல்லுதான் காரணம்னு புடுங்குனாங்க, பல்லு போச்சு வலி போகல, அந்தக் கதைய இப்ப பேசுனா எனக்குத்தான் பிபி ஏறும். கடைசில நோயக் கண்டுபுடிச்சது எங்க வீட்டம்மாதான். "ராத்திரி பூரா நறநறன்னு பல்லக் கடிக்கிறீங்க, பக்கத்துல படுக்க முடியல"ன்னாங்க.

மதுரை டாக்டரம்மா எடுத்த எடுப்புல ஊசி போடல, எனக்கு நம்பிக்கை வந்ததே அதனாலதான். கன்னத்துல விரல வச்சு "பல்லக் கடிங்க"ன்னாங்க, பொடைச்சுக்கிட்டு வந்த சதைய ஒரு அமுக்கு அமுக்குனாங்க பாருங்க, உயிர் போச்சு. உங்களுக்கு தாடை மூட்டு வலியவிட சதை வலிதான் ஜாஸ்தின்னு சொல்லி ராத்திரி பல்லுல உறை மாதிரி மாட்டிக்கிற நைட் கார்டு, வெந்நீர் ஒத்தடம், மெத்துன்னு சாப்பாடுன்னு ரெண்டு மாசம் ஓட்டுனாங்க. பாதிதான் கொறைஞ்சுச்சு, அப்புறம்தான் ஊசிப் பேச்சே வந்துச்சு.

போட்டுலினம் டாக்சின், சனங்க பொதுவா போடாக்ஸ்னு சொல்றது. கெட்டுப்போன டின் சாப்பாட்டுல விஷம் உண்டாக்குற கிருமியோட நஞ்சுதான், அத ரொம்பக் கொஞ்சமா குடுக்குறாங்க. சதைய இறுக்கச் சொல்லி நரம்பு நுனில இருந்து அசிட்டைல்கோலின்னு ஒண்ணு வருமாம், இந்த மருந்து அத வெளிய வரவிடாது, சதை லூசாயிரும். மாமியார் "காசு குடுத்து விஷமா ஏத்திக்கிறீங்க மாப்ள"ன்னு கேட்டாங்க, என்ன பதில் சொல்ல. அமெரிக்காவுல 1989லயே மாறுகண்ணுக்கு அனுமதி குடுத்துட்டாங்க, ஆனா தாடை வலின்னு லேபிள்ல இருக்காது, டாக்டர் முடிவு பண்ணிப் போடுறதுதான். அதச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாங்க.

கன்னத்துல பக்கத்துக்கு 25 யூனிட், நெத்திப்பொட்டுல பக்கத்துக்கு 10, மொத்தம் 70. யூனிட் 300 ரூபான்னு 21,000 ஆச்சு, நம்ம இன்சூரன்ஸ்ல பைசா வரல. ஊசி சின்னதுதான், பத்து நிமிசத்துல முடிஞ்சுச்சு. நாலு மணி நேரம் படுக்கக்கூடாது, கன்னத்தத் தேய்க்கக்கூடாதுன்னுட்டாங்க, பஸ்ல பரமக்குடி தாண்டுறதுக்குள்ள தூக்கம் கண்ணக் கட்டுது, ஜன்னல்ல சாய முடியாம ராமேஸ்வரம் பஸ்ல நான் பட்ட பாடு இருக்கே.

மூணு நாள் ஒரு மாத்தமும் தெரியல, 21,000 கடல்ல போட்டாச்சுன்னு நெனச்சேன். ஆறாவது நாள் காலைல கொட்டாவி விட்டேன், வாய் முழுசா தொறந்துச்சு! ரெண்டாவது வாரம் நறநற சத்தமும் கொறைஞ்சுபோச்சுன்னு வீட்டுல சொன்னாங்க. ஆனா வாயத் தொறக்கறப்ப மூட்டுல வர்ற அந்த டக்கு டக்கு சத்தம் அப்படியே இருக்கு, அது மூட்டுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க்கு சமாச்சாரம், ஊசிக்கு அதுல வேலை இல்லன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. சத்தத்துக்காகப் போடுறதா இருந்தா வேண்டவே வேண்டாம்.

சிரிச்சா இடது பக்கம் மூணு வாரம் கோணிக்கிட்டு இருந்துச்சு, தானா சரியாயிருச்சு. அதக் கேக்க கிளினிக்குக்கு போன் போட்டா எடுக்கவே மாட்டேங்குறாங்க, ரேட்டிங்ல ஒரு ஸ்டார் அதுக்குத்தான் கொறைக்கிறேன். ஒன்றரை மாசம் கணவாய் மீன் பக்கமே போகல, கீழக்கரை தொதல் அல்வாகூட வாயில ஊற வச்சுத்தான் முழுங்குனேன்.

பார்லர்ல பாதி வெலைக்குப் போடுறாங்களாமேன்னு ஒரு மச்சான் கேட்டான். இந்த மருந்து பிரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஐஸ் கொறைஞ்ச மீனையே நாம தொடமாட்டோம், இத எப்படிடா வாங்குவ? மாசமா இருக்கவங்க, பால் குடுக்குறவங்க, சதை பலவீன நோய் இருக்கவங்களுக்கு இது ஆகாது, வேற என்ன மருந்து ஓடுதுன்னும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும்.

இப்ப மூணரை மாசத்துல மறுபடி லேசா இறுக ஆரம்பிக்குது, இது மூணு நாலு மாசம்தான் தாங்கும்னு தெரிஞ்சுதான் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டா தாடை எலும்பு மெலிய வாய்ப்பிருக்குன்னும் சொன்னாங்க, அது ஒரு பயம் இருக்கு. நைட் கார்டு தெனம் மாட்டுறேன். மீன்பிடித் தடைக்காலம் வேற, கடைல ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன், ஜூன்ல போட்டெல்லாம் கடலுக்குப் போகட்டும், ரெண்டாவது ஊசி அப்புறம் பாப்போம்.