‘எச்.எஸ்.எஸ்.’ முத்திரையை நம்பி டிரில் பிட் பெட்டி வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டுப் பட்டறைக்கென 1 மி.மீ. முதல் 10 மி.மீ. வரையிலான டிரில் பிட்டுகளும், துளைக்குள் மரை வெட்டும் சில டேப்புகளும் அடங்கிய பெட்டி ஒன்றை இணையவழியில் வாங்கினேன். ஒவ்வொரு பிட்டின் தண்டிலும் ‘எச்.எஸ்.எஸ்.’ (ஹைஸ்பீடு ஸ்டீல், அதாவது சூடேறினாலும் கடினம் எளிதில் குறையாத எஃகு) என்று பொறித்திருந்தார்கள். மேலே பொன்னிறப் பூச்சும் பளபளத்தது. அந்த எழுத்தும் பூச்சும் எதற்கும் உத்தரவாதமல்ல.

6 மி.மீ. தடிமனுள்ள மைல்டு ஸ்டீல் பட்டையை வைஸில் இறுகப் பிடித்து, சென்டர் பஞ்ச் அடித்து, கட்டிங் ஆயில் விட்டு, நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்று வேகத்தில் 6 மி.மீ. பிட்டை இறக்கினேன். நிமிடத்துக்கு 25 மீட்டர் என்ற வழக்கமான வெட்டுவேகத்தை வைத்துக் கணக்கிட்டால் வரும் வேகம்தான் இது. முதலில் சுருளாக வந்த உலோகம் சற்று நேரத்தில் பொடியாகி, பிறகு கீச்சென்ற சத்தம் மட்டுமே எஞ்சியது. எடுத்துப் பார்த்தால் நுனி நீலம் பாரித்து, இரண்டு வெட்டுவிளிம்புகளும் மழுங்கிக் கிடந்தன. சாதாரண கார்பன் ஸ்டீல் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் அந்த நீலத்தைக் காட்டும்போதே அதன் பதம் இறங்கத் தொடங்கியிருக்கும். டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் கலந்த உண்மையான ஹைஸ்பீடு ஸ்டீலோ 500 டிகிரியைத் தாண்டியும் வெட்டும் கடினத்தைப் பெருமளவு தக்கவைத்துக்கொள்ளும்.

விற்பனையாளருக்குப் படங்களுடன் எழுதியபோது, வேகத்தைக் கூட்டி வைத்திருப்பீர்கள் என்றும், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றும் பதில் வந்தது. துளை போட்டுப் பார்க்காமல் டிரில் பிட்டின் தரத்தை எப்படித்தான் அறிவதாம்?

அதன்பின் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, பெட்டியிலிருந்த வேறொரு பிட்டையும் பல காலமாக உழைத்துவரும் பழைய எச்.எஸ்.எஸ். பிட் ஒன்றையும் பெஞ்ச் கிரைண்டரின் சாணைச் சக்கரத்தில் மாறிமாறித் தொட்டுப் பார்த்தேன். பழையதில் மங்கலான செம்மஞ்சள் பொறிகள், அதிகம் வெடிக்காமல், கோடுகோடாகச் சென்றன. புதியதில் வெண்மஞ்சள் பொறிகள் கிளைகிளையாக வெடித்துச் சிதறின. அது கார்பன் ஸ்டீலின் அடையாளம். பொன்னிறப் பூச்சு மெய்யாகவே டைட்டேனியம் நைட்ரைடு என்ற கடினப் பூச்சாக இருந்தாலும் அதன் தடிமன் சில மைக்ரான் மட்டுமே; அடியிலுள்ள எஃகின் குறையை அது ஈடுசெய்யாது.

குறை எஃகோடு நிற்கவில்லை. 5 மி.மீ. பிட்டின் இரண்டு வெட்டுவிளிம்புகளும் ஒரே நீளத்தில் இல்லை. ஒரு பக்கம் மட்டுமே வெட்டியதால் துளை 5.3 மி.மீ. அளவுக்கு அகன்றுவிட்டது. எம்6 டேப்புக்கு (6 மி.மீ. போல்ட்டுக்கான மரை வெட்டுவது) 5 மி.மீ. துளை வேண்டும், இவ்வளவு அகன்றால் மரை ஆழமில்லாமல் போய், போல்ட்டை இறுக்கும்போது வழுக்கிவிடும் அபாயம் உண்டு. இந்தக் குறையைக் கண்டுபிடிக்கக் கிரைண்டர்கூடத் தேவையில்லை: நுனியை வெளிச்சத்தில் பிடித்து இரு விளிம்புகளையும் ஒப்பிட்டாலே தெரியும், கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைந்த தண்டும் அகப்படும். பெட்டியைப் பிரித்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், இந்த இரண்டையும் செய்துவிடுங்கள்; பயன்படுத்திய பொருள் என்று தட்டிக்கழிக்க அவர்களுக்கு இடமிருக்காது.

டேப்புகளை நான் தொடவே இல்லை. மட்டமான டேப் துளைக்குள் முறிந்தால், கடினமாக்கப்பட்ட அந்தத் துண்டைச் சாதாரண பிட்டால் துளைத்தெடுக்க முடியாது. பல மணி நேரம் உழைத்த வேலைத்துண்டே அதோடு வீணாகிவிடும்.