பழைய மோட்டார்ஹோம்: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாங்கலாமா?

லண்டனில் எங்கள் இருவர் சம்பளத்துக்கும் புது மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள பயண வண்டி) எட்டாக்கனி. அதனால் ஃபியட் டுக்காட்டோ வேன் மேல் கட்டிய 2005 மாடலை 17,000 பவுண்டுக்கு வாங்கினோம். பிள்ளைகளோடு அடிக்கடி கிளம்புகிற குடும்பத்துக்கு இது நல்ல தேர்வு. கோடையில் ஒரு தடவை மட்டும் போவதென்றால் வாடகைக்கு எடுப்பதே மேல்.

ஆறு பேர் படுக்கலாம், ஆனால் பெல்ட் உள்ள இருக்கை நான்குதான். பிள்ளைகளின் கார் சீட் சரியாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள கட்டிலில் தடுப்பு வலை இருக்கிறது. மூத்தவள் அங்கிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறாள்.

மிக முக்கியம், ஈரக்கசிவு. முதலில் பார்த்த வேறொரு வண்டியில் பின்மூலைச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கியது. அப்படி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

எடை 3,500 கிலோவுக்குள் என்பதால் சாதாரண கார் லைசென்ஸே போதும். அப்புறம், பழைய டீசல் ஆகையால் லண்டனுக்குள் ஓட்டும் நாளெல்லாம் யூலெஸ் (அதிகப் புகை விடும் வண்டிகளுக்கான) கட்டணம் 12.50 பவுண்டு. அதைத் தவிர்க்க லண்டனுக்கு வெளியே வாட்ஃபோர்ட் பக்கம் ஒரு வாடகை இடத்தில் நிறுத்துகிறோம்.