லைசென்ஸ் வேணாம்னு விக்கிற ஸ்கூட்டர், வாங்கலாமா?

அப்பா மார்க்கெட், கோயில்னு போய்வர ஒரு லோ ஸ்பீட் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தோம். வண்டி ஓகே, வெயிட் கம்மி, பேட்டரிய கழட்டி வீட்டுக்குள்ளயே சார்ஜ் போடலாம், மேம்பாலம் ஏறுறப்ப மட்டும் மூச்சு வாங்குது.

கடை கதைதான் வேற. லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எதுவும் வேணாம்னு சொன்னது உண்மைதான், ஆனா அதுக்கு மோட்டார் 250 வாட்டுக்கு கம்மியா, ஸ்பீடு 25 கிமீக்கு கம்மியா, பேட்டரி இல்லாம வெயிட் 60 கிலோவுக்குள்ள இருக்கணும், ஏஆர்ஏஐ மாதிரி டெஸ்டிங் ஏஜென்சி சர்டிபிகேட்டும் வேணும். இதெல்லாம் சொல்லவே மாட்டேங்குறாங்க. சேல்ஸ்மேன் என்னடான்னா "ஒரு வயர கழட்டிவிட்டா 45ல பறக்கும் சார்"னு கூசாம சொல்றாரு! அப்படி பண்ணிட்டா அது சட்டப்படி மோட்டார் வண்டி ஆயிடும், ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட்னு எல்லாமே வேணும், யார் மேலயாவது இடிச்சா நஷ்டஈடு நம்ம பாக்கெட்ல இருந்துதான் போகும். சர்டிபிகேட் காப்பி கேட்டா ஓனர் வெளியூர்ல இருக்காராம், விடாம கேட்டுதான் வாங்குனோம்.

(ஹெல்மெட் கட்டாயம் இல்லன்னாலும் அப்பாவுக்கு போட்டுதான் அனுப்புறோம், லாரி ஓடுற ரோடுங்க அது.)

வண்டிக்கு நாலு ஸ்டார். கடைக்கு ரெண்டு, அதுவும் சர்வீஸ் பண்ற தம்பிக்காக.