சொட்டிய குழாயோடு ஐந்து வருடம்

வீட்டின் பின்பக்கச் சுவரில், செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு குழாய் இருக்கிறது. அரை அங்குலப் பித்தளைக் குழாய், திருகித் திறக்கிற பழைய மாதிரி. ஐந்து வருடமாக அதோடு மல்லுக்கட்டி வருகிறேன். முதல் ஒன்றரை வருடத்தில் மட்டும் வாஷரை நான்கு முறை மாற்றினோம். முதல் முறை பிளம்பர், அடுத்த மூன்று முறை நான். நான்குமே வீண் வேலை என்பது பின்னால்தான் புரிந்தது.

தொடக்கத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளிக்குழாய்தானே, மண்ணில்தானே விழுகிறது என்று விட்டுவிட்டோம். அடியில் பாசி பிடித்தது, சுவரின் கீழ்ப்பகுதி எப்போதும் ஈரமாக இருந்தது, ஒரு தவளை நிரந்தரமாகக் குடியேறியது. ஒருநாள் இரவு பத்து மணிக்கு வாளியை வைத்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு அளந்து பார்த்தேன். ஒன்றரை லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்கிற கணக்கில் விழுந்த தண்ணீர் அது. ஒரு நாளைக்கு நாலரை லிட்டர், வருடத்துக்கு ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல். அன்றைக்குத்தான் பிளம்பரைக் கூப்பிட்டோம்.

வந்தவர் பத்தே நிமிடத்தில் குழாயின் தலையை, அதாவது கைப்பிடியோடு இருக்கும் மேல்பாகத்தை, கழற்றி, வாஷரை மாற்றி, மூடிக் காட்டினார். சொட்டு நின்றது. மூன்று வாரம் கழித்துப் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் சொட்ட ஆரம்பித்தது. இதற்கு எதற்கு ஆள் என்று நானே இறங்கினேன். நான் போட்ட வாஷர் நான்கு மாதம் தாங்கியது. அடுத்தது இரண்டே மாதம். வாங்கிய வாஷர்தான் மட்டம் என்று கொஞ்ச நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காவது வாஷரும் போன பிறகு, கழற்றியவற்றையெல்லாம் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அப்போது கண்ணில் பட்ட விஷயம்தான் இந்தக் கதையின் திருப்பம். ரப்பரில் வட்டமாகப் பள்ளம் விழுவது சகஜம், குழாயின் உள்விளிம்பு அழுந்தி அழுந்தி வருவது அது. ஆனால் நான்கிலும் அந்த வட்டத்தின் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கத்தியால் கீறியதுபோல ஒரு வெட்டு. நான்கு வாஷரும் ஒரே மாதிரிக் கெடுகிறது என்றால், கெடுக்கிற ஆள் வேறு எங்கோ இருக்கிறான்.

டார்ச்சை அடித்துக் குழாயின் உடம்புக்குள் பார்த்தேன். வாஷர் போய் உட்காரும் இடத்தில் பித்தளையில் ஒரு மெல்லிய வளையம் எழும்பியிருக்கும். அதைத்தான் சீட் என்பார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. சுண்டுவிரலை விட்டு, நகத்தால் அந்த விளிம்பை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன். ஓரிடத்தில் நகம் தட்டியது. ஒரு மயிரிழைப் பள்ளம். மூடிய குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீருக்கு அந்த இடைவெளி போதும். மாதக்கணக்கில் அதன் வழியே பீறிட்டுப் பீறிட்டுப் பித்தளையையே அறுத்துவிடுகிறது. புது ரப்பர் கொஞ்ச நாள் அந்தப் பள்ளத்துக்குள் பிதுங்கி அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதே இடத்தில் கிழியும்.

சீட்டைத் தேய்த்துச் சமமாக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. மேலே ‘டி’ வடிவக் கைப்பிடி, கீழே பல்வைத்த வெட்டுத்தகடு. குழாய்த்தலை இருந்த இடத்தில் அதைப் பொருத்தி, லேசாக அழுத்தி இரண்டு மூன்று சுற்று. அவ்வளவுதான். பித்தளைத் தூள் பொன்னிறமாக வரும். தண்ணீரைத் திறந்துவிட்டு அலசிவிட வேண்டும். ஆர்வக்கோளாறில் தேய்த்துக்கொண்டே போனால் விளிம்பு மெலிந்து குழாயே வீணாகும். நகம் வழுக்கிக்கொண்டு ஓடுகிற வரை தேய்த்தேன், புது வாஷர் போட்டேன். மூன்றரை வருடம் ஆகிறது. அந்த வாஷர் இன்னும் உள்ளே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொட்டுகிற குழாயை வீட்டில் எல்லோருமே இறுக்கினோம். நான் மூடியதை அம்மா வந்து இன்னும் ஒரு திருகு, அவர் மூடியதை மகன் வந்து இன்னும் ஒன்று. கடைசியில் அம்மாவால் திறக்கவே முடியாமல், “டேய், இதை வந்து திறந்து குடு” என்று கூப்பிடும் நிலைமை. இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கித் தட்டையாகிறது, அடுத்த முறை இன்னும் இறுக்க வேண்டியிருக்கிறது. இப்போது சொட்டு நின்றதும் கையை எடுத்துவிடுவது என்று ஒப்பந்தம். அதுவும் அந்த வாஷரின் ஆயுசைக் கூட்டியிருக்கிறது.

நடுவில் ஒரு தடவை ஏமாந்தேன். சீட்டைச் சரிசெய்து ஏழெட்டு மாதம் கழித்துக் குழாய் வாயில் மறுபடி சொட்டு. மனசே விட்டுப்போனது. கழற்றிப் பார்த்தால் வாஷர் புதுசு போல இருக்கிறது. துணியால் குழாயை முழுக்கத் துடைத்து, கைப்பிடிக்குக் கீழே, வாயில், சுவரோடு சேரும் இடத்தில் என மூன்று இடங்களில் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். குழாய் மூடியிருந்தபோது மூன்றும் காய்ந்தே இருந்தன. திறந்ததும் கைப்பிடிக்குக் கீழே இருந்த காகிதம் நனைந்தது. கைப்பிடித் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டில் கசிந்த தண்ணீர்தான் உடம்பு வழியாக வழிந்து, வாய் முனையில் சொட்டாக நின்றிருக்கிறது. தண்ணீர் எங்கே விழுகிறதோ அங்கேதான் கோளாறு என்று நினைத்துக் கழற்றியது என் தப்பு. அன்றிலிருந்து காகிதம் சுற்றாமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

மூடியிருக்கும்போது வாயில் சொட்டினால் வாஷர் அல்லது சீட். திறந்திருக்கும்போது மட்டும் தண்டில் கசிந்தால் கிளாண்ட். எப்போதும் சுவரோரம் ஈரம் என்றால் குழாய் சுவரில் திருகியிருக்கும் மரை, அல்லது சுவருக்குள் இருக்கும் பைப். இந்தப் பாகுபாடு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மூடிய உடனே சில நிமிடம் வடிவது வாய்க்குள் தேங்கிய மிச்சத் தண்ணீர், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கிளாண்ட் மேல் சந்தேகம் இருந்தால் ஹோஸ் மாட்டி, அதன் முனையை அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். குழாய்க்குள் முழு அழுத்தமும் ஏறும், ஒளிந்திருக்கிற கசிவு வெளியே வந்துவிடும்.

கிளாண்டுக்கு வைத்தியம் சுலபம். முதலில் நட்டை அரைக்கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம். அதற்கும் நிற்கவில்லை என்றால் நட்டைத் தூக்கி, டெஃப்லான் டேப்பைக் கயிறு போல முறுக்கி, மூடுகிற திசையில் தண்டைச் சுற்றி மூன்று நான்கு சுற்று விட்டு, மெல்லிய ஸ்குரூ டிரைவரால் உள்ளே தள்ளி நட்டைப் போட வேண்டும். ரொம்ப இறுக்கினால் கைப்பிடி சுழலாது. இது நிரந்தரத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். எனக்கு எட்டுப் பத்து மாதத்துக்கு ஒருமுறை அந்த அரைக்கால் சுற்று தேவைப்படுகிறது.

சுவரோரக் கசிவை நானேதான் உண்டாக்கினேன். முதல் தடவை தலையைக் கழற்றியபோது ஒற்றை ஸ்பேனரோடு மல்லுக்கு நின்றேன். தலை அசையவில்லை, மொத்தக் குழாயும் சுவரில் லேசாகத் திரும்பியது. வாய் கோணலாக இருக்கிறதே என்று பின்னால் திருப்பி நேராக்கினேன். மரையில் சுற்றியிருந்த டேப் நெகிழ்ந்துவிட்டது. அடுத்த வாரமே சுவரில் ஈரம். இரண்டு ஸ்பேனர் கட்டாயம் வேண்டும். ஒன்று குழாயின் உடம்பை அசையாமல் பிடிக்க, இன்னொன்று தலையைத் திருக. டேப் சுற்றிய மரையை ஒருபோதும் பின்னால் திருப்பக் கூடாது. வாய் நேராக வரவில்லை என்றால் வெளியே எடுத்து, பழைய டேப்பைச் சுரண்டிவிட்டுப் புதுசாகச் சுற்ற வேண்டும். மரையின் முனையை நம் பக்கம் பார்க்கப் பிடித்தால் கடிகார முள் சுற்றுகிற திசை. மெல்லிய டேப் என்றால் எட்டுப் பத்துச் சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்து சுருண்டு வெளியே வரும், அதையும் பார்த்தாயிற்று.

வேலையைத் தொடங்கும் முன் மெயின் வால்வை மூடிப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டு வால்வை வருடக்கணக்கில் யாரும் தொட்டதில்லை. முதல் நாள் அரை மணி நேரம் அதோடுதான் போனது, மூடிய பிறகும் நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கீழே ஒரு துணி விரித்துக்கொள்வதும் நல்லது. வாஷரைப் பிடிக்கும் குட்டி நட்டு மண்ணில் விழுந்தால் தேடிக் கிடைக்காது. புது வாஷர் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோகவும். அரை இஞ்ச் என்று வாயால் சொல்லி வாங்கினால் சரியாக அமையாது, குழாய் அளவு வேறு, அதற்குள் இருக்கும் வாஷரின் அளவு வேறு. அரை இஞ்ச் குழாயின் மரையே வெளி விட்டத்தில் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் பக்கச் சுவரில் இருந்த இன்னொரு குழாயை மாற்ற வேண்டி வந்தது. அது பிளாஸ்டிக். வெயிலில் வெளுத்து, இரண்டாவது கோடையில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் கால் சுற்றில் திறக்கிற செராமிக் டிஸ்க் குழாய் போட்டேன். உள்ளே இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ரப்பரை நசுக்கும் வேலை இல்லை. ஆகவே இறுக்கிக் கெடுக்க யாராலும் முடியாது. அம்மாவுக்கு அதுதான் பிடித்த குழாய்.

குறை இல்லாமல் இல்லை. பைப் வேலை நடந்து கலங்கல் தண்ணீர் வந்த ஒரு வாரத்தில் அதுவும் சொட்டியது. கழற்றினால் தகடுகளுக்கு நடுவே ஒரு மணல் துகள். அலசிப் போட்டதும் நின்றது. கீறல் விழுந்திருந்தால் கார்ட்ரிட்ஜை, அதாவது தகடுகள் அடங்கிய உள்பாகத்தை, மொத்தமாக மாற்றியிருக்க வேண்டும், அதே நீளத்திலும், கைப்பிடி மாட்டும் தண்டில் அதே பல் எண்ணிக்கையிலும் தேடிப்பிடித்து. பட்டென்று மூடினால் பைப் ‘டொக்’கென்று அதிர்வதும் உண்டு.

புதிதாகப் போடுவதானால் செராமிக்கே போடுவேன், மணல் வராத தண்ணீராக இருந்தால். ஏற்கெனவே கனமான பித்தளைக் குழாய் இருந்தால் அதைத் தூக்கிப் போட மாட்டேன். சீட்டைச் சரிசெய்தால் இன்னும் பல வருடம் ஓடும். பித்தளையில் ஆங்காங்கே செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் மட்டும் விட்டுவிடலாம், துத்தநாகம் கரைந்து உலோகமே பொத்தலாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நான்கு வாஷர்களையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலை செடிக்குத் தண்ணீர் விடும்போது கவனித்தேன், கிளாண்ட் நட்டுக்கு அடியில் ஒரு முத்துச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பத்து மாதம் ஆகிவிட்டது போல. சாயங்காலம் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.