பி0171 வந்தால் எது முதலில்: சென்சார் மாற்றுவதா, ஸ்ப்ரேயா, ஸ்மோக் டெஸ்டா?

செக் இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்ற கோட். வி6 மாதிரி இரண்டு பேங்க் (சிலிண்டர் வரிசை) உள்ள இன்ஜினாக இருந்தால் கூடவே பி0174-உம் வரலாம். உள்ளே போகும் காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் போகவில்லை, இன்ஜின் லீனாக ஓடுகிறது, நானும் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டேன் என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது, அவ்வளவுதான் அர்த்தம். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லவே இல்லை. ஆனால் வழி சொல்ல ஆட்கள் நிறைய. ஒருத்தர் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்று என்பார், இன்னொருத்தர் கார்ப் கிளீனர் அடித்துப் பார் என்பார், மூன்றாமவர் ஸ்மோக் டெஸ்ட் பண்ணாமல் ஸ்பேனரைத் தொடாதே என்பார்.

இதில் சென்சார் மாற்றுவதுதான் மோசமான தொடக்கம். ‘லீன்’ என்று தகவல் கொடுப்பதே எக்ஸாஸ்டில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கும் அந்த சென்சார்தான், பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் மாற்றுவதற்கு முன் சோதித்துவிடலாம்: பழைய வகை நேரோபேண்ட் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கும், இன்டேக்கில் கொஞ்சம் புரொப்பேன் வாயுவைக் காட்டினால் சட்டென்று 0.8-ஐத் தாண்ட வேண்டும். தாண்டினால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. வைட்பேண்ட் சென்சாருக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது, ஸ்கேனரில் லாம்டா அளவைப் பாருங்கள் (1-க்கு மேல் போனால் லீன்). சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் லீன் மாதிரி காட்டும். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தாலும் எரியாத ஆக்ஸிஜன் வந்து அதே பொய்யைச் சொல்லும். புது சென்சாரும் அதே பொய்யைத்தான் சொல்லப் போகிறது.

ஸ்ப்ரேயா ஸ்மோக்கா என்று சண்டை போடுவதற்கு முன்னால் ஃபியூயல் டிரிம்மைப் பாருங்கள், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கை. சாதாரண ஓபிடி ஸ்கேனரே காட்டும். ஷார்ட் டேர்ம் (உடனடித் திருத்தம்), லாங் டேர்ம் (கற்று நினைவில் வைத்த திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐந்து பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 20-25-ஐ ஒட்டிப் போகும்போதுதான் பெரும்பாலான கார்களில் கோட் விழும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு முறை பாருங்கள். ஐடிலிங்கில் டிரிம் எகிறி, ஆர்பிஎம் ஏற்றினதும் இறங்கினால் வேக்யூம் லீக் (கணக்கில் வராத காற்று இன்டேக்குக்குள் நுழையும் ஓட்டை), ஏனென்றால் ஓட்டை வழியாக வரும் காற்று கிட்டத்தட்ட ஒரே அளவு, ஐடிலிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அங்கே அது பெரிதாகத் தெரியும். மாறாக லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் லீக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது பெட்ரோல் பிரஷர் அல்லது எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) பக்கம்.

இன்னொன்று, இதை ஏனோ யாரும் சொல்வதில்லை. எம்ஏஎஃப் இல்லாமல் மேனிஃபோல்டு பிரஷரை அளக்கும் எம்ஏபி சென்சாரை வைத்துக் கணக்குப் போடும் கார்களில், லீக் வழியாக வரும் காற்றும் மேனிஃபோல்டு பிரஷரில் சேர்ந்துவிடுவதால் அதற்கும் சேர்த்தே பெட்ரோல் போகும். அங்கே வேக்யூம் லீக் என்றால் ஐடிலிங் ஏறும், லீன் கோட் வருவது குறைவு. அப்படிப்பட்ட காரில் பி0171 வந்தால் எக்ஸாஸ்ட் லீக், பிரஷர், அடைத்த இன்ஜெக்டர் என்றுதான் நான் முதலில் போவேன்.

சரி, டிரிம் லீக் என்றே சொல்கிறது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே மலிவு, கையில் இருப்பது. ஐடிலிங்கில் விட்டு ஜாயின்ட் ஜாயின்ட்டாக லேசாக அடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் அது உள்ளே இழுபடும். ஆனால் காதை நம்பாதீர்கள், இப்போதைய இன்ஜின்கள் ஐடிலிங்கை உடனே சரிக்கட்டிவிடும். ஷார்ட் டேர்ம் டிரிம் சட்டென்று இறங்குகிறதா என்று பாருங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து சும்மா சொல்லும் பயம் இல்லை, சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கிறது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள், சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறக்கூடும். இன்டேக் மேனிஃபோல்டின் அடிப்பக்கம், பின்பக்கம் இருக்கும் லீக்கை ஸ்ப்ரே பெரும்பாலும் தவறவிடும்.

ஸ்மோக் டெஸ்டில் இன்ஜினை அணைத்துவிட்டு இன்டேக்கை அடைத்து, குறைந்த பிரஷரில் எண்ணெய்ப் புகையை உள்ளே விடுவார்கள். வெடித்த ஹோஸ், பிரேக் பூஸ்டர் பைப், மேனிஃபோல்டு கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங் எல்லாம் புகையாகக் கண்ணில் படும். ஆயில் டிப்ஸ்டிக் சரியாக உட்காராததுகூட மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் பிசிவி (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் வழி) மூலம் கிராங்க்கேஸும் இன்டேக்கோடு சேர்ந்ததுதான். ஒரே குறை, சூட்டிலோ குளிரிலோ மட்டும் திறக்கும் லீக் நிறுத்தி வைத்த இன்ஜினில் ஒளிந்துகொள்ளும். என் தேர்வு ஸ்மோக்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஹோஸ்களைக் கையால் வளைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள், பாதி கேஸ் அங்கேயே முடியும்.

டிரிம் மறுபக்கம் காட்டினால் எம்ஏஎஃப் சுத்தம் செய்வதா, மாற்றுவதா, பெட்ரோல் பம்பா? முதலில் சுத்தம், அதற்கென்றே விற்கும் எம்ஏஎஃப் கிளீனரால், கம்பியைத் தொடாமல். சூடான ஐடிலிங்கில் எம்ஏஎஃப் காட்டும் கிராம்/வினாடி சுமாராக இன்ஜினின் லிட்டர் அளவை ஒட்டி இருக்கும், 2 லிட்டர் இன்ஜினில் 1 கிராம்தான் காட்டினால் சந்தேகப்படலாம். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் அதுவே காரணமாகவும் இருக்கலாம். பம்பை ஊகித்து மாற்றவே வேண்டாம், கேஜ் மாட்டிப் பாருங்கள். போர்ட் இன்ஜெக்‌ஷனில் பெரும்பாலும் 3-4 பார் இருக்கும், உங்கள் காரின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஐடிலிங்கில் பிரஷர் சரியாக இருப்பதை வைத்து பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பலவீனமான பம்ப் லோடில்தான் விழும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காரில் ஹை-பிரஷர் பக்கத்தை நீங்களே கழற்றாதீர்கள்.

சரிசெய்த பிறகு ஸ்கேனரில் கோட்-ஐ அழிப்பதா, தானாகப் போகட்டும் என்று விடுவதா? நான் அழித்துவிடுவேன். லாங் டேர்ம் டிரிம்மும் பெரும்பாலும் அதோடு பூஜ்யத்துக்கு வந்துவிடும், இரண்டு மூன்று ஓட்டத்திலேயே பழையபடி ஏறுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மாசு (எமிஷன்) சோதனைக்கான நாள் நெருங்கியிருந்தால் மட்டும் யோசியுங்கள், கோடோடு சேர்ந்து ரெடினெஸ் மானிட்டர்களும் (கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததைக் காட்டும் பதிவுகள்) அழிந்துபோகும், அவை நிரம்பும்வரை ஓட்ட வேண்டியிருக்கும்.